ஆஸ்பத்திரி பக்கம், வழி தூரம்

கூடூரில் புறப்பட்டுக் காட்பாடியில் முடியும் ரயில் பாதை வெங்கடகிரி, காளஹஸ்தி, ஏர்ப்பேடு, ரேணிகுண்டா, திருப்பதி, பாகாலா, சித்தூர் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது சாமி பாதை. ராகு கேது பரிகாரத்துக்குக் காளஹஸ்தி, முடி காணிக்கைக்குத் திருமலை. ஆனால் பாதையோரத்துக் கிராமத்து வீடொன்றில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் அதே தண்டவாளம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியாகிவிடும். திருப்பதியில் இறங்கினால் ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. அலிபிரி பக்கம் டாடா அறக்கட்டளையின் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கடைசி நிலையமான காட்பாடியில் இறங்கினால் வேலூர் சி.எம்.சி. ரேணிகுண்டாவில் வண்டி மாறினால் சென்னை, அங்கே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இது பெரிய கொடுப்பினை. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து வேலூர் லாட்ஜுகளில் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பார்க்கிறார்கள். காளஹஸ்திக்காரருக்குத் திருப்பதி 40 கிலோமீட்டர்கூட இல்லை. சென்னையும் வேலூரும் ஒரு பகல் பயணம்.

அப்படியிருந்தும் நோயாளிகள் முற்றிய பிறகுதான் வருகிறார்கள் என்பது புற்றுநோய் மருத்துவர்கள் எல்லோருமே சொல்லும் புகார். பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பது இரண்டாவது புகார். இரண்டுக்கும் மக்களின் அறியாமையைக் காரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் அறியாமையைவிட அலைச்சல்தான் பெரிதாகத் தெரிகிறது. எந்த வாசலில் நிற்பது, எந்தக் காகிதத்தைக் கொண்டுவருவது, எங்கே படுப்பது, ஊரில் மாட்டை யார் பார்ப்பது. இவற்றுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் எத்தனை கோடிக்குக் கருவி வாங்கி வைத்தாலும் அது பாதி நோயாளிகளுக்குத்தான் எட்டும்.

கருவிகள் வந்துவிட்டன என்பதையும் சொல்லவேண்டும். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் நடக்கும் ஸ்விம்ஸ் 1993 முதல் இயங்குகிறது. புற்றுநோய்க்கு அறுவை, மருந்து, கதிர்வீச்சு மூன்றுக்கும் அங்கே துறைகள் உண்டு. தேவஸ்தானம் 25 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்க, 2018 ஆகஸ்டு 31 அன்று சந்திரபாபு நாயுடுவும் ரத்தன் டாடாவும் இன்னொரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆட்சி மாறியது, கொரோனா வந்து போனது. 2022 மே 5 அன்று ஜெகன்மோகன் ரெட்டி அதைத் திறந்து வைத்தார். 92 படுக்கைகள். ஸ்ரீ வேங்கடேஸ்வரா புற்றுநோய் சிகிச்சை மற்றும் உயர் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் முழுப்பெயர். ஆட்டோக்காரருக்கு டாடா ஆஸ்பத்திரி என்றால் போதும்.

எல்லைக்கோடு தாண்டி

இந்தப் பக்கத்து மக்கள் நோய்க்குச் சென்னையையும் வேலூரையும் நினைப்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. காளஹஸ்தி ஒரு காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்து ஜமீன். 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது அதற்குள் வந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரியும் வரை எல்லாம் சென்னை ராஜ்யம்தான். 1960இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களை மறுபடி பிரித்ததில் காளஹஸ்தி திருப்பதி மாவட்டத்துக்குள் போய்விட்டது. அலுவலகப் பலகைகள் இத்தனை முறை மாறின. மக்கள் போகும் வழி மாறவில்லை. சத்தியவேடு, நகரி, புத்தூர்ப் பக்கம் தமிழ் பேசும் வீடுகள் இன்றும் நிறைய. அடையாறு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காது கொடுத்தால் தமிழுக்கு இணையாகத் தெலுங்கு கேட்கும்.

அடையாறு மருத்துவமனை 1954இல், ஆந்திரா பிரிந்த மறு ஆண்டு, 12 படுக்கைகளோடு ஆரம்பித்தது. தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைக் கிட்டே இருந்து பார்த்தவர் அவர். நாட்டின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர், சட்டமன்ற மேலவையில் உட்கார்ந்தவர், அவராலேயே கூடப்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆற்றாமைதான் முப்பது ஆண்டுகள் கழித்து மருத்துவமனை ஆனது. அடுத்த ஆண்டு சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. காசு இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாத இடம் என்ற பெயர் கிராமம் கிராமமாகப் பரவியது அவர்கள் காலத்தில்தான். காளஹஸ்திச் சீமையில் இன்றும் ஒரு குடும்பம் மஞ்சப்பையில் ரிப்போர்ட்டைத் திணித்துக்கொண்டு நேரே சென்னைக்கு வண்டியேறுகிறது என்றால் அந்தப் பெயர்தான் காரணம்.

மாநில எல்லையை நோயாளி கவனிப்பதில்லை. அவர் பையிலிருக்கும் அட்டைதான் கவனிக்கிறது. ஆந்திர அரசின் ஆரோக்யஸ்ரீ என்ற இலவசச் சிகிச்சைத் திட்டம் வெகுகாலம் ஆந்திராவோடு நின்றது. 2019 நவம்பர் 1 முதல் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளுக்கும் அதை நீட்டினார்கள். எந்த மருத்துவமனை, எந்தச் சிகிச்சைக்கு என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர் எத்தனை பேர்? பெரும்பாலோர் சென்னையில் ஓ.பி. சீட்டு வாங்கி, பரிசோதனைக்குக் கைக்காசைக் கொட்டிய பிறகுதான் அட்டை செல்லாது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

ஒரு பெண், பத்து வாசல்

ஏர்ப்பேடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளலாம். கற்பனைப் பெண்தான். அவர் ஏறி இறங்கும் படிகள் கற்பனை அல்ல.

மாதவிலக்கு நின்று இரண்டு வருஷமான பிறகு மறுபடி உதிரம் படுகிறது. இதை வீட்டு ஆண்களிடம் சொல்ல முடியாது. மருமகளிடம் சொல்லக் கூச்சம். மூன்று மாதம் போகிறது. முதலில் போவது ஊர் ஆர்.எம்.பி.யிடம். ஆந்திரக் கிராமங்களில் பட்டமில்லாத இந்த வைத்தியர்தான் முதல் வாசல். நள்ளிரவிலும் வருவார், கடனுக்கும் ஊசி போடுவார். அவரைத் திட்டுவது சுலபம். அவருக்குப் பதில் அந்த நேரத்தில் வேறு யார் வருவார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அவர் ரத்தம் நிற்க மாத்திரை தருகிறார். சில நாள் நிற்கிறது. அங்கே இன்னும் இரண்டு மாதம்.

அப்புறம் காளஹஸ்தி அரசு மருத்துவமனை. அங்கே பார்த்த மருத்துவர் முகத்தைச் சுருக்கி, திருப்பதிக்கு எழுதித் தருகிறார். திருப்பதியில் முதல் நாள் சீட்டு, இரண்டாம் நாள் ஸ்கேன், மூன்றாம் முறை போகும்போது சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புகிறார்கள். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள். வந்த தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. படித்துச் சொல்லக் கூடிய பையன் ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலையில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. தாள் சாமி படத்துக்குப் பின்னால் போகிறது.

அடுத்து அட்டை விவகாரம். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், இரண்டிலும் வயது வேறு. திருத்திக்கொண்டு வரச் சொல்கிறார்கள். கிராம சச்சிவாலயம் என்ற அரசு அலுவலகத்துக்கு இரண்டு நடை.

எல்லாம் கூடிவந்து சிகிச்சை என்று உட்கார்ந்தால், கருப்பைவாய்ப் புற்றுக்கு ‘கரண்ட் வைப்பது’ என்று சனங்கள் சொல்லும் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாள், பொதுவாக 25 நாள். கூடவே வாரம் ஒரு முறை மருந்து ஏற்றுவார்கள். பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு சில முறை. மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடியவேண்டும். இழுத்துக்கொண்டே போனால் பலன் குறையும் என்று மருத்துவ நூல்கள் தெளிவாகவே சொல்கின்றன. நடுவில் நிலக்கடலை பிடுங்கும் காலம் வந்துவிட்டால்? துணைக்கு இருக்கும் தங்கையின் வீட்டில் கல்யாணம் என்றால்? மூன்றாம் வாரத்தில் உதிரப்போக்கு நின்றுவிடும். உடம்பு தேவலை என்று ஊருக்குப் போய்விடுவார். இது என்ன நோய் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டாருக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது; கர்ப்பப்பையில் புண் என்று சொல்லி வைத்திருப்பார்கள். பயந்துவிடுவாள் என்ற பாசம்தான் காரணம். ஆனால் புண் ஆறிவிட்டது என்று நினைக்கிறவர் எதற்காக எட்டு வாரம் பஸ் ஏறுவார்?

இந்தக் கதையில் யாரும் வில்லன் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தார், குமாஸ்தா விதியைச் சொன்னார், மகன் பணம் அனுப்பினான். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் கீழே விழுந்தார்.

இந்தியாவில் 2022இல் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 14.1 லட்சம் பேர், இறந்தவர்கள் 9.1 லட்சம் பேர் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. அதில் மார்பகம் 1.92 லட்சம், வாய் 1.43 லட்சம், கருப்பைவாய் 1.27 லட்சம். முதல் மூன்று இடமும் இவைதான். மூன்றுமே வெளியே தெரியும் நோய்கள். பயிற்சி பெற்ற செவிலியர் கையாலும் கண்ணாலும் சந்தேகப்பட முடிந்தவை. எங்கேயோ ஆழத்தில் ஒளிந்திருக்கும் கணையப் புற்றாக இருந்தால் விதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

செவிலியர் கண் எவ்வளவு செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய ஆய்வு ஒன்றில், 30 முதல் 59 வயது வரையான சுமார் 49,000 கிராமத்துப் பெண்களைப் பரிசோதனைக்குச் சேர்த்தார்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனை. செய்தவர்கள் செவிலியர்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பரிசோதிக்கப்படாத குழுவோடு ஒப்பிட்டால் கருப்பைவாய்ப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறது. திட்டு தெரிந்த பெண்ணை இன்னொரு ஊருக்குச் சீட்டெழுதி அனுப்பாமல், முடிந்தவரை அதே இடத்தில் அதே வருகையில் உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். நடுவிலுள்ள வாசல்களை அடைத்துவிட்டால் வழிகாட்டிக்கே வேலை குறைகிறது.

திருப்பதி வட்டாரத்தில் ஸ்விம்ஸின் ‘பிங்க் பஸ்’ பரிசோதனைக் கருவிகளோடு கிராமங்களுக்குப் போய் வருகிறது. நல்ல காரியம். ஆனால் முகாம் எதற்கும் உண்டான பலவீனம் இதற்கும் உண்டு. பஸ் கிளம்பிப் போன பிறகு, சந்தேகம் என்று குறிக்கப்பட்ட பெண் மறு வாரம் திருப்பதிக்குப் போனாரா என்று யார் விசாரிப்பது? ஆஷா ஊழியர் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஏற்கெனவே பிரசவம், தடுப்பூசி, காசநோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அவர் தலையில்தான்.

மித்ராவும் குகனும்

வழிகாட்ட ஆள் வேண்டும் என்பது ஆந்திர அரசுக்குத் தெரியாத விஷயமல்ல. இந்தியாவுக்கே முன்னோடியாக அதைச் செய்தது ஆந்திராதான். 2007 ஏப்ரல் 1 அன்று ராஜசேகர ரெட்டி அரசு மூன்று மாவட்டங்களில் ஆரோக்யஸ்ரீ திட்டத்தைத் தொடங்கியபோது கூடவே ‘ஆரோக்ய மித்ரா’ என்று ஒரு பதவியையும் உண்டாக்கியது. மருத்துவமனை வாசலில் ஒரு மேசை, அதில் ஒரு ஆள். அட்டையைப் பார்ப்பது, நோயாளியைப் பதிவு செய்வது, முன் அனுமதிக்கு அனுப்புவது, வீடு திரும்பும்வரை கோப்பைக் கவனிப்பது அவர் வேலை. தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 2009இல்.

திட்டத்தின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறியது. ராஜீவ் ஆரோக்யஸ்ரீ, பிறகு என்.டி.ஆர். வைத்ய சேவா, பிறகு ஒய்.எஸ்.ஆர். ஆரோக்யஸ்ரீ, 2024க்குப் பின் மறுபடி என்.டி.ஆர். வைத்ய சேவா. பழைய முதல்வர் படம் போட்ட அட்டையை வைத்துக்கொண்டு இது செல்லுமா செல்லாதா என்று கிழவிகள் கலங்குவதைப் பார்க்க, பெயர் மாற்றுகிறவர்கள் ஒரு நாள் அந்த மேசையில் உட்கார வேண்டும். சனங்கள் வாயில் அது இன்னும் ஆரோக்யஸ்ரீதான்.

மித்ரா அருமையான யோசனை. ஆனால் அவர் கோப்புக்கு நண்பர். நோயாளி மருத்துவமனைக்குள் கால் வைத்த பிறகுதான் அவர் வேலை ஆரம்பிக்கிறது. கோப்பு மூடினால் முடிந்துவிடுகிறது. சாமி படத்துக்குப் பின்னால் போன பயாப்சித் தாளைத் தேடிப் போவது அவர் பொறுப்பில் இல்லை. மூன்றாம் வாரம் வராமல் போன பெண்ணுக்குப் போன் போடுவதும் இல்லை. தவிர, அரசு பாக்கி வைத்துவிட்டது என்று தனியார் மருத்துவமனைகள் திட்டத்தின் கீழ் சேர்ப்பதை அவ்வப்போது நிறுத்துகின்றன. பாதி மருந்தேற்றத்தில் இருப்பவர் அந்த வாரம் எங்கே போவது? மித்ராவிடமும் பதில் இருக்காது. ஊதியத்துக்கும் பணி நிரந்தரத்துக்கும் அவர்களே போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

கோப்பை விட்டு ஆளைக் கவனிக்கும் வேலையை முதலில் ஒரு முறையாகச் செய்து காட்டியவர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அறுவை மருத்துவராக இருந்த ஹரால்டு ஃப்ரீமன். கறுப்பின ஏழைகள் வாழும் பகுதி. 1964 முதல் 1986 வரை ஹார்லெம் மருத்துவமனைக்கு வந்த 606 மார்பகப் புற்று நோயாளிகளில் ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம் மட்டுமே. உலகத்தின் மிகப் பணக்கார நகரத்தில், நல்ல மருத்துவமனைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் இது நடந்தது. 1990இல் அவர் ஒரு ஏற்பாட்டைச் செய்தார். கட்டி என்று சந்தேகம் வந்த நாளிலிருந்து சிகிச்சை முடியும்வரை ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு ஆள் பொறுப்பு. அந்த ஆள் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. அதே தெருக்காரராக இருந்தால் நல்லது. காப்பீட்டுத் தாள், பஸ் காசு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், மருத்துவரிடம் கேட்கப் பயந்த கேள்வி, எல்லாவற்றையும் அவர் பார்த்தார். இலவசப் பரிசோதனையும் சேர்ந்தது. 1995 முதல் 2000 வரை வந்த 325 பேரில் ஐந்தாண்டு பிழைப்பு 70 சதவீதமாக ஏறியது. 2005இல் அமெரிக்கா இதற்குத் தனிச் சட்டமே போட்டது.

மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் காலையில் போய் நின்றவர்களுக்கு அங்கே இப்படிப்பட்ட ஆள் எவ்வளவு தேவை என்று விளக்கவேண்டாம். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த கூட்டம் நடைபாதையில் படுத்திருக்கும். அந்த மருத்துவமனையும் டாடா சமூக அறிவியல் கழகமும் சேர்ந்து நோயாளி வழிகாட்டிகளுக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கின. படிப்புக்கு ‘கேவட்’ என்று பெயர் வைத்தார்கள். ராமனைக் கங்கை கடத்திவிட்ட ஓடக்காரன். கம்பனோடு வளர்ந்தவர்கள் குகனை நினைத்துக்கொள்ளலாம். படித்து முடித்தவர்கள் புற்றுநோய் மருத்துவமனைகளில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். தொண்டு செய்ய வந்தவர்கள் என்று தட்டிக் கழிக்காமல் படிப்பும் சம்பளமும் உள்ள தொழிலாக ஆக்கியதுதான் இதில் மெச்சத்தக்கது.

குகன்கள் பெருநகர மருத்துவமனைக்குள் நின்றால் மட்டும் காளஹஸ்திக்குப் பாதி பயன்தான். ஓடம் இந்தக் கரைக்கும் வரவேண்டும். காளஹஸ்தி அரசு மருத்துவமனையில் ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி, தெலுங்கும் தமிழும் பேசும் ஒரு ஆள், திருப்பதியின் இரண்டு மருத்துவமனைகளிலும் வேலூரிலும் அடையாற்றிலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல். செலவென்று பார்த்தால் ஒரு கதிர்வீச்சுக் கருவியின் பராமரிப்பில் ஒரு துளி. சித்தூர் மாவட்டத்து மறுகோடியில், தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசும் குப்பத்தில், 2025 ஜூலையில் டாடா டிஜிட்டல் நரம்பு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களையும் பெரிய மருத்துவர்களையும் ஒரு மையத்திலிருந்து இணைத்து, நோயாளியைத் தொடர்ந்து கவனிப்பது அதன் நோக்கம். புற்றுநோய்க்கென்று மட்டும் வந்ததல்ல. முதலமைச்சரின் தொகுதி என்பதால் முதலில் அங்கே வந்தது என்று சொல்வார்கள். இருக்கட்டும், எங்கேயாவது முதலில் வரத்தானே வேண்டும்.

கோயில் தேதியும் கீமோ தேதியும்

காளஹஸ்தியில் கோயிலை ஒதுக்கிவிட்டு எதையும் பேச முடியாது. கண்ணப்பர் தன் கண்ணைப் பெயர்த்து அப்பிய ஊர். பீடைக்குப் பரிகாரம் தேடி நாடெங்கிலுமிருந்து வருகிறவர்களில் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் நிச்சயம் இருப்பார்கள். பகுத்தறிவு பேசி அவர்களைக் கேலி செய்வதால் ஒரு பயனும் இல்லை. பரிகாரம் அரை நாளில் முடிந்துவிடும். சிகிச்சைக்குத் தடை அது அல்ல. ‘நல்ல நாள் பார்த்துக் கத்தி வைத்துக்கொள்ளலாம்’ என்று இரண்டு மாதம் தள்ளிப்போடுவதுதான் தடை. பூசைக்கு ஒரு தேதியும் கீமோவுக்கு ஒரு தேதியும் ஒரே வாரத்தில் வாங்கிக் கொடுக்கத் தெரிந்தவர்தான் இந்த ஊருக்கு ஏற்ற வழிகாட்டி.

மேலும், இந்த வட்டாரத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்னால் நிற்பதே உண்டியல் காசுதான். டாடா மருத்துவமனையின் நிலம் தேவஸ்தானத்துடையது. ஏழைகளின் உயிர்காக்கும் சிகிச்சைக்கென்று பக்தர்களிடம் நன்கொடை வாங்க தேவஸ்தானம் பிராணதான அறக்கட்டளை நடத்துகிறது. திருப்பதி அரசு மருத்துவமனைகளில் தேவஸ்தானத்தின் அன்னப்பிரசாதமும் கிடைக்கும். துணைக்கு வந்தவர் சாப்பாட்டுக்குக் கையேந்த வேண்டியதில்லை என்பது பட்டியலில் சின்ன வரிதான். ஆனால் எட்டு வாரம் இருவர் வெளியே சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கூலிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

கூலி போவதுதான் கணக்கில் வராத பெரிய செலவு. 2019 டிசம்பரில் ஆந்திர அரசு ‘ஆரோக்ய ஆசரா’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருக்கும் காலத்துக்கு நாளுக்கு 225 ரூபாய், மாதம் 5,000 ரூபாய் வரை தருவதாக அப்போது அறிவித்தது. படுத்துக் கிடக்கிறவருக்கும் உலை கொதிக்க வேண்டும் என்று ஒரு அரசு கணக்குப் போட்டது அபூர்வம்.

ரயில்வே தருவதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. புற்றுநோயாளி சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும்போது ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. இரண்டிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி. இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம். உடன் போகும் ஒருவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கிலும் 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிட்டால் போதும். படிவம் இருப்பதைச் சொல்லத்தான் ஆளில்லை.

வலி

எல்லோரும் பிழைக்கப் போவதில்லை. முற்றிய பிறகு வந்தவர்களை, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிடுவது நம் ஊரில் சாதாரணம். செய்ய நிறைய இருக்கிறது; முதலில் வலியைக் குறைக்கலாம். வாய்வழி மார்ஃபின் விலை மலிவு. 1985ஆம் ஆண்டுப் போதைமருந்துச் சட்டம் அதைக் கையாளவே மருத்துவமனைகள் அஞ்சும்படி செய்துவிட்டது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல்லாண்டு போராடிய பின் 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம நடைமுறை எளிதானது. கேரளத்தில் அவரும் டாக்டர் சுரேஷ் குமாரும் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய சிறு கிளினிக்கிலிருந்து, பக்கத்து வீட்டுக்காரர்களே நோயாளியைக் கவனிக்கும் அமைப்பு மாநிலமெங்கும் வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், படுக்கையில் கிடப்பவருக்கு வீட்டுக்கே செவிலியரை அனுப்புகிறது. கிருஷ்ணகிரியின் எல்லையைத் தாண்டினால் குப்பம். அந்தச் செவிலியருக்கும் எல்லைதான் தடை.

இனி, சிகிச்சையைத் தொடங்க இருக்கிறவர்கள் விஷயம். காளஹஸ்தியின் குடும்பம் ஒன்று நாளைக் காலை புறப்படுவதாக இருந்தால் வழிகாட்டி வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். சென்னைக்கோ வேலூருக்கோ என்றால், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, எந்தச் சிகிச்சைக்கு என்று திருப்பதியிலுள்ள மித்ராவிடமே கேட்டுக்கொள்ளலாம். எந்த மருத்துவமனையிலும் முதல் நாளே கேட்க வேண்டியவை மூன்று: மொத்தம் எத்தனை வாரம், நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும், தங்க இடம் எங்கே. நோயாளியையும் கூட உட்கார வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பயாப்சி ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. சதையை மெழுகில் பதித்து வைத்த ‘பிளாக்’, கண்ணாடிச் ‘ஸ்லைடு’ இரண்டையும் பரிசோதனைக் கூடத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும். புது மருத்துவமனை பெரும்பாலும் அவற்றைத் திரும்பப் பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்காது. மறந்துவிட்டுப் போனால் அதற்கென்று ஒருவர் மறுபடி திருப்பதிக்கு வரவேண்டும். ஒரு வாரம் போய்விடும்.